சோதனை ஓட்டத்தில் சூடாகாத வண்டி

என்ஜின் சூடாகிறது என்று ஒரு வண்டி கராஜுக்குள் வந்தால், அதைச் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரும் தனக்குக் கழற்றத் தெரிந்த பாகத்தையே குற்றவாளி ஆக்குவார். ரேடியேட்டர் வேலை தெரிந்தவர் ரேடியேட்டர் என்பார். பம்ப் மாற்றத் தெரிந்தவர் பம்ப் என்பார். ஒன்றையும் கழற்றத் தெரியாதவர் சாரதி சரியில்லை என்பார். இந்தக் கடைசி வகையினர் பெரும்பாலும் மேலதிகாரிகளாக இருப்பார்கள்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ரேடியேட்டரை எப்படிக் கழுவுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் படம் பிடித்துக் காட்ட உங்கள் தொலைபேசிக்குள்ளேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதையும் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஒரு பழைய டீசல் ஜீப்பைக் கொண்டு அதைச் சொல்கிறேன்.

சுனாமியாய்க் கடல் வந்து போன பிறகு கல்முனையில் வீடுகளை விட வேகமாக எழுந்தவை தொண்டு நிறுவனங்களின் அலுவலகங்கள். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு வாயில், ஒரு காவலாளி, ஒரு கொடி, நான்கு சில்லும் இழுக்கிற ஒரு ஜீப். நெல் ஆலை லொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் கை கறுத்திருந்த நானும் அப்படியொரு நிறுவனத்தில் வாகனப் பகுதிப் பொறுப்பாளன் ஆனேன். எந்த வண்டி வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று சொல்வது என் வேலை. அந்த வேலைக்கு ஒரு மேசையும் கொடுத்தார்கள். மேசை கிடைத்த பிறகு நான் வண்டிக்குள் ஏறுவது குறைந்துவிட்டது. இதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வந்த ஜீப் எங்கோ ஒரு குளிர்நாட்டில் வேலை செய்து களைத்துப்போய் நன்கொடையாக வந்தது. பழசு என்றாலும் உறுதியானது. அதை ஓட்டியவர் தவராசா, தம்பிலுவில்காரர். காலையில் கல்முனையில் சாமான் ஏற்றி, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று கடந்து, திருக்கோவிலுக்கும் அப்பால் கடற்கரை மணலில் இருந்த தற்காலிகக் கொட்டில்களுக்குக் கொண்டுபோய் இறக்குவார். தகரம், சீமெந்து, தண்ணீர்த் தாங்கி என்று எதை ஏற்றினாலும் வண்டி நிறைந்துதான் போகும். கடைசித் துண்டு வழி தார் இல்லாத வெறும் மணல். அந்த மணலில் புதையாமல் போகத் தெரிந்தவர் எங்கள் அலுவலகத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் ஒருநாள் வந்து, அக்கரைப்பற்று தாண்டினால் சூட்டு முள் ஏறுகிறது என்றார். மணலில் இறங்கினால் சிவப்பைத் தொடுகிறது என்றார். வண்டியை கராஜுக்கு அனுப்பினேன்.

எங்கள் கராஜுக்கு ஒரு பாஸ், அதாவது தலைமை மெக்கானிக், இருந்தார். கடற்கரை நெடுக அவரிடம் தொழில் பழகாத மெக்கானிக் குறைவு. கை நல்ல கை. வாய் அதை விட நல்ல வாய். பெயர் சொல்ல மாட்டேன். அவருடைய பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டால் ஸலாம் சொல்கிறார்கள். சூடாகிற என்ஜின் என்றால் அவருக்கு ஒரே வைத்தியம்: தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. தண்ணீர் எப்போது ரேடியேட்டருக்குப் போக வேண்டும் என்று திறந்து மூடுகிற சின்ன வால்வு அது. குளிர்நாட்டுக்காரன் குளிருக்குப் போட்டது நமக்கெதற்கு என்பது அவருடைய கொள்கை. அவருடைய அலுமாரித் தட்டில் அப்படிக் கழற்றிய வால்வுகள் வரிசையாக இருந்தன, வேட்டைக்காரன் வீட்டுச் சுவரில் மான் கொம்பு இருப்பது போல.

அந்த வகை என்ஜினில் வால்வின் அடித்தட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. என்ஜின் சூடானதும், தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றி வருகிற குறுக்கு வழியை அது அடைக்கும். வால்வைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். தண்ணீரில் பாதி குளிராமலே என்ஜினுக்குத் திரும்பும். ஆகவே பாஸின் வைத்தியத்துக்குப் பிறகு வண்டி முன்னைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது. பாஸ் தளரவில்லை. வால்வே இல்லாத வண்டி கொதிக்கிறதென்றால், குற்றம் வண்டியில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது என்றார்.

வால்வைத் திரும்பப் போட வைத்தேன். அதற்காக அவர் சில நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ரேடியேட்டரைக் கழுவினோம். மணலும் உப்பும் கொஞ்சம் வந்தன. பம்பை மாற்றினோம். மூடியை மாற்றினோம். என்ஜின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் வெடித்திருக்குமோ என்று பார்த்தோம், வெடிக்கவில்லை. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பாஸ் சோதனை ஓட்டம் போனார். ஒவ்வொரு முறையும் முள் நடுவில் ஆணி அடித்தது போல நின்றது.

அந்தச் சோதனை ஓட்டத்தை உங்களுக்கு விவரித்தே ஆக வேண்டும். வண்டியில் ஒரு மூட்டை கூட இருக்காது. அஸர் தொழுது, வெயில் தணிந்த பிறகுதான் புறப்படுவார்கள். சம்மாந்துறை வீதியால், இரு பக்கமும் வயல் காற்று வீச, ஒரு தேத்தண்ணிக் கடை வரை போவார்கள். சோதனை அந்தக் கடையில் முடியும். தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் என்ஜினும் ஆறும். பிறகு பாஸ் திரும்பி வந்து, வண்டி சோக்கா இரிக்கி என்பார். வெறுங்கையோடு நிழலில் இருப்பவனைப் பார்த்து, இவன் வயலில் மூட்டை தூக்கினால் களைக்க மாட்டான் என்று சான்றிதழ் கொடுப்பது போலத்தான் இது.

மறுநாள் தவராசா ஓட்டுவார். மறுபடி கொதிக்கும். மறுபடி வந்து சொல்வார்.

“வண்டி பொய் செல்லாது தம்பி,” என்றார் பாஸ் ஒருநாள், எல்லோருக்கும் கேட்க. “பொய் செல்றது மனிசன்.”

“அப்ப வண்டியோட நீங்களே கதைச்சுப் பாருங்க பாஸ்,” என்றார் தவராசா. “எனக்கிட்ட அது கொதிக்குது எண்டுதான் சொல்லுது.”

கராஜில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கதை வேறு பக்கம் திரும்பியது. தவராசா வழியில் ஆட்களை ஏற்றுகிறாராம். மணலில் வெறி பிடித்தது போல ஓட்டுகிறாராம். திருக்கோவில் பக்கம் போனால் ஏன் நேரம் செல்கிறது, அங்கே யாரைச் சந்திக்கிறார் என்று ஒருவர் கேட்டார். சண்டை ஓயாத காலம் அது. ஒரு தமிழ்ச் சாரதியை முஸ்லிம் ஊரிலும், ஒரு முஸ்லிம் சாரதியைத் தமிழ் ஊரிலும் சந்தேகிப்பதற்கு என்ஜின் கொதிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கொதித்தது வசதியாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

பிறகு நடக்கக் கூடாதது நடந்தது. ஒரு நடுப்பகலில், தகரம் ஏற்றிப் போன வண்டி படையினரின் ஒரு சோதனைச் சாவடிக்குக் கிட்ட, சாவடிக்காரரின் கண்ணுக்கு முன்னாலேயே ஆவி கக்கி நின்றுவிட்டது. அந்த நாட்களில் அப்படியோர் இடத்தில் காரணமில்லாமல் ஒரு வண்டி நின்றால், நிறுத்தியவன் கெட்ட எண்ணத்தோடு வந்தவன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். முன்னால் புகை வேறு. தவராசாவைத் தலையில் கை வைத்து வெயிலில் நிற்க வைத்தார்கள். துவக்குகள் அவரைப் பார்த்தபடி இருக்க, வண்டியில் இருந்த தகரங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வண்டிக்கு முன்னால் எங்கள் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தபடியால் தொலைபேசி அழைப்பு எங்களுக்கு வந்தது. இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்று நினைக்க இப்போதும் எனக்கு விருப்பமில்லை.

எங்கள் அலுவலகத்தை நடத்திய இணைப்பாளர் கொழும்பிலிருந்து வந்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத ஆள். சாரதிக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டதாக நினைவில்லை. நிறுவனத்தின் பெயர் பாதுகாப்புத் தரப்பின் அறிக்கை ஒன்றில் வந்துவிட்டதே என்றுதான் வருந்தினார். தவராசாவிடமிருந்து சாவியை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டார். வருகிற ஊழியர் கூட்டத்தில் முடிவு என்றார். வண்டி நல்ல வண்டி என்று நான் சொன்னால் சாரதி வேலையை விட்டுப் போக வேண்டும். பாஸ் ஏற்கெனவே நல்ல வண்டி என்று சொல்லியாகிவிட்டது.

வேலை போனால் அது ஒரு வேலை மட்டும் இல்லை. தவராசாவின் வீட்டையும் கடல் கொண்டுபோயிருந்தது. மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் அவர் இருந்ததும் தகரக் கொட்டில்தான். வண்டியைச் சாவடிக்கு முன்னால் நிறுத்தியதற்காகத் துரத்தப்பட்ட சாரதி என்ற பெயர் விழுந்தால், அந்தக் கரையில் எந்த அலுவலகமும் அவரிடம் ஒரு சைக்கிளைக் கூடக் கொடுக்காது. மற்றவர்கள் அதை விட மோசமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடிய காலம்.

நான் இணைப்பாளரிடம் ஒரு சோதனை ஓட்டம் கேட்கவில்லை. சாமான் கொண்டுபோகும் பயணம் ஒன்று கேட்டேன். அதே தகரம், அதே வழி, அதே நடுப்பகல், அதே சாரதி. நானும் கூட ஏறுவேன் என்றேன். கொட்டில்களில் தகரத்துக்குக் காத்திருந்தார்கள். வேறு யாருக்கும் அந்த மணல் தெரியாது. லாச்சி திறந்தது, ஒரு நாளைக்கு மட்டும். பாஸ் என்னைப் பார்த்து, மேசையில் இருந்திருந்து காக்காவுக்கும் வெயில் காய ஆசை வந்துட்டு என்றார்; காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

புறப்பட்டோம். நிந்தவூர் வரை முள் அசையவில்லை. அட்டாளைச்சேனையில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அக்கரைப்பற்று தாண்டியதும் ஏறத் தொடங்கியது. தவராசா ஓட்டுவதை வழி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்து ஓட்டினார். எங்கும் யாரையும் ஏற்றவில்லை. கியர் மாற்றும்போது வண்டிக்கு வலிக்குமோ என்று பார்க்கிறவர் போல மாற்றினார். முள்ளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாக இல்லை.

முள் சிவப்புக்குக் கிட்டப் போனதும், ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தச் சொன்னேன். சூடு கொஞ்சம் தணியட்டும் என்று இருந்துவிட்டு, பொனெட்டைத் திறங்கள் என்றேன். தவராசா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பொனெட்டைத் திறக்க ஸ்பேனர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

எத்தனையோ நாள் பார்த்ததுதான். முன் பம்பருக்கு மேலே இருந்த இரும்புச் சட்டத்தில், நெஞ்சளவு உயரத்தில், எங்கள் பெயர்ப்பலகை. மூன்று மொழியில் நிறுவனத்தின் பெயர், அதன் கீழே பணம் கொடுத்தவர்களின் சின்னம், நல்ல கனத்தில் தகரம், நீலப் பெயின்ட். வண்டியின் முன்வாய் முழுவதையும், காற்று உள்ளே போகிற அந்தக் கம்பி வலை முழுவதையும் அது மூடிக்கொண்டிருந்தது. பொனெட் கொளுக்கி அதற்குப் பின்னால் இருந்ததால், பலகையைக் கழற்றாமல் பொனெட்டைத் திறக்க முடியாது.

இப்போது கராஜின் வழக்கத்தைச் சொல்கிறேன். வண்டி உள்ளே வந்ததும் செய்கிற முதல் வேலை பலகையைக் கழற்றுவது. ஒருமுறை அதில் யாரோ கிறீஸ் கையை வைத்து, அந்தக் கைரேகை கடல் கடந்து போன ஒரு படத்திலும் விழுந்து, அதற்காக எல்லோரும் வரிசையில் நின்று ஏச்சு வாங்கியிருந்தோம். அன்றிலிருந்து பலகையைக் கழற்றி, அதற்கென்றே வாங்கிய புதுச் சாரத் துணியில் சுற்றி, என் மேசைக்குப் பின்னால் சாத்தி வைப்பார்கள். வேலை முடியும், சோதனை ஓட்டம் முடியும், வண்டியைக் கழுவுவார்கள். எல்லாம் முடிந்து வண்டி வாயிலால் வெளியே போகும்போதுதான் பலகை திரும்ப ஏறும். மனிதனுக்குக் காய்ச்சலா என்று பார்க்க வருகிற வைத்தியர், ஒவ்வொரு முறையும் முதலில் அவனுடைய மூக்கைப் பொத்தியிருக்கும் துணியை எடுத்துவிட்டு, நன்றாகத்தானே மூச்சு விடுகிறாய் என்று சொல்லி, போகும்போது திரும்பக் கட்டிவிட்டுப் போனது போல இருந்தது எங்கள் வைத்தியம்.

தவராசா தண்ணீர் ஊற்றி முடித்து, திரும்பப் பூட்டுவதற்குப் பலகையைத் தூக்கினார். அதைப் பின்னால் தகரத்தோடு போடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போட்டார்.

மணல் வழி முழுக்க முள் நடுவில் நின்றது. கொட்டில்களில் தகரத்தை இறக்கினோம். இதில் அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. இறக்கிய வண்டி சும்மாவும் ஆறும். திரும்பும்போது பலகையை மறுபடி பூட்டச் சொன்னேன். வெறும் வண்டியே மணலை விட்டு ஏறுவதற்குள் முள் கிளம்பிவிட்டது. நிறுத்திக் கழற்றினோம். இறங்கியது.

தவராசா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, பின்னால் கிடந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஒவ்வொரு நாளும் விடிய இதைத்தான் காக்கா துடைச்சனான்,” என்றார் பிறகு. “துணியால. எண்ணெய் போட்டு.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

சாவடியில் எங்களை நிறுத்தினார்கள். வழக்கமாகப் பலகையைத் தூரத்தில் கண்டதும் கையைக் காட்டிப் போகச் சொல்பவர்கள், இந்த முறை இறங்கச் சொல்லி, இருக்கைக்குக் கீழே எல்லாம் பார்த்தார்கள். பலகை எங்கே என்று கேட்டார்கள். பின்னால் கிடந்ததைக் காட்டியதும், அது ஏன் படுத்திருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டி புறப்பட்ட பிறகு தவராசா சொன்னார்:

“கழட்டி எறியுங்க எண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க காக்கா. பலகை இருந்தா என்ஜின் போகும். இல்லாட்டி நான் போவன். ரெண்டுல எது வேணுமெண்டு ஒபிசில கேட்டா, என்ன சொல்லுவாங்களெண்டு தெரியுந்தானே.”

“மேல வைப்பம்,” என்றேன். “கூரையில. இன்னும் தூரத்துக்குத் தெரியும்.”

“அங்க வைக்க ஏலுமெண்டா முந்தியே வச்சிருப்பாங்களே,” என்றார் அவர்.

ஏன் வைக்கவில்லை என்பது அடுத்த நாள் தெரிந்தது. இணைப்பாளரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பலகை நெஞ்சளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னது அவர்தான். சாமான் கொடுக்கும் படங்களில் அவர் வண்டிக்கு முன்னால் நிற்பார். நெஞ்சளவில் இருந்தால்தான் பலகையும் முகமும் ஒரே படத்தில் விழும். கூரைக்கு ஏற்றினால் இரண்டில் ஒன்று வெட்டுப்படும். இதை அவர் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. ‘அடையாளம் தெரிதல்’ என்று ஏதோ சொன்னார்.

“உங்க வேலை பொனெட்டுக்கு உள்ள,” என்றார் கடைசியாக, சிரித்துக்கொண்டே. “பலகை பொனெட்டுக்கு வெளிய.”

இதை விடத் தெளிவாக எந்த மேலதிகாரியும் தன் சிந்தனையை எனக்கு விளக்கியதில்லை. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் வசதியான ஒரு வழியும் சொன்னார். பலகையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டலாம், காற்றுப் போகும். கூட்டத்தில் சாரதியை இந்த ஒருமுறை மன்னித்துவிடலாம். சாரதிக்கு வேலை இருக்கும், பலகைக்கு இடம் இருக்கும், கராஜுக்கு மரியாதை இருக்கும். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. உங்களுக்கும் படும். இந்தத் தொழிலில் அரைவாசிப் பழுதுகள் இப்படித்தான் திருத்தப்படுகின்றன. தவராசாவிடம் போய், வேலை தப்பிவிட்டது என்றேன். மன்னிக்கப் போகிறார்கள் என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் எல்லோரும் இருந்தார்கள். களஞ்சியக்காரர், கணக்காளர், கள வேலைக்குக் கொட்டில்களுக்குப் போகும் பெண் பிள்ளைகள், ஒரு தட்டில் பிஸ்கட், நடுவில் இணைப்பாளர். பாஸும் சேர்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். இணைப்பாளர் பாதுகாப்பைப் பற்றி, பொறுப்பைப் பற்றி, வாகனங்களை நம் சொந்தப் பொருளாக நினைப்பதைப் பற்றிப் பேசினார். பிறகு தவராசாவின் பக்கம் திரும்பி, நிர்வாகம் அவரை இம்முறை மன்னிப்பதாகச் சொன்னார்.

தவராசா எழுந்து நின்றார்.

“என்னத்துக்கு சேர்?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் விலை கேட்பது போலக் கேட்டார். இணைப்பாளருக்கு விளங்கவில்லை. மன்னித்தாகிவிட்டது, இருங்கள் என்றார்.

“ஓம் சேர், விளங்குது. மன்னிச்சது என்னத்துக்கு எண்டுதான் கேக்கிறன். நான் என்ன செய்த எண்டு தெரிஞ்சாத்தானே மறுகா செய்யாம இருக்கலாம்.”

இணைப்பாளர் என்னைப் பார்த்தார். பாஸ் என்னைப் பார்த்தார். தவராசா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று பெரிதாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் அதற்கு ஒரு மிடறு எச்சில் விழுங்கும் நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு வீரமானது இல்லை. இந்தக் கேள்விக்கு இப்போது பதில் வராவிட்டால், வண்டி அடுத்த முறை கொதிக்கும்போது, ஏற்கெனவே ஒருமுறை மன்னிக்கப்பட்டவன் என்ற பெயரோடு இந்த மனிதன் சாவடிக்கு முன்னால் நிற்பான். தளர்த்திக் கட்டிய பலகையும் பலகைதான். அது நிச்சயம் கொதிக்கும். என் தொழிலில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

“சேர், அவர் ஒண்டும் செய்யல்ல,” என்றேன். “வண்டிர மூக்கை அடைச்சது பலகை. அங்க கட்டச் சொன்னது நீங்க. கழட்டி வச்சிட்டு ஓடிப் பாத்து, வண்டி நல்லம் எண்டு சொன்னது நாங்க. அவர் செய்ததெல்லாம், சூடாகுது எண்டு சொன்னது மட்டுந்தான்.”

யாரோ ஒரு பெண் பிள்ளை இருமினார். சிரிப்பை இருமலாக்கினார் என்று பிறகு அறிந்தேன்.

முதலில் பேசியது பாஸ். நான் எதிர்பார்த்த மாதிரி என் மேல் பாயவில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான் தொடக்கத்துல இரிந்து என்ன சென்ன?” என்று கேட்டார் எல்லோரையும் பார்த்து. “வண்டில ஒரு பிழையும் இல்ல எண்டு சென்ன. இப்ப பாருங்க, இல்லத்தானே.”

அவர் சொன்னது சரி. அவர் ஒருபோதும் பிழையாக எதுவும் சொன்னதில்லை. சாகும் வரை அந்த ஜீப்பின் பழுதைத் தானே கண்டுபிடித்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட பலர் இன்று நல்ல மெக்கானிக்குகளாக இருக்கிறார்கள், என்ன செய்வது.

இணைப்பாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். பலகையைக் கூரையில் வைத்தால் சட்டத்துக்கு என்ன செலவாகும் என்று களஞ்சியக்காரரிடம் கேட்டார். பழைய இரும்பு கிடக்கிறது, செலவில்லை என்றார் அவர். அப்படியானால் செய்யுங்கள் என்றார் இணைப்பாளர், அது முதலிலிருந்தே தன் யோசனை என்பது போல. மன்னிப்பைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவில்லை. அதைத் திரும்பப் பெற்றதாகவும் சொல்லவில்லை. அடுத்த விடயத்துக்குப் போவோம் என்றார். தவராசா இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

இணைப்பாளர் லாச்சியிலிருந்து சாவியைக் கொண்டுவரச் சொல்லி, அதை மேசை மீது தவராசாவின் பக்கமாகத் தள்ளினார். மேசை நீளம். சாவி பிஸ்கட் தட்டு வரை போய் நின்றுவிட்டது. தவராசா கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அவர் நீட்டவில்லை. சாவியைப் பார்க்கவும் இல்லை. வெயிலில் நின்று பழகியவர் போல, நேராக, இணைப்பாளரைப் பார்த்தபடி நின்றார்.

பக்கத்தில் இருந்த கணக்காளர் உதவி செய்ய நினைத்துச் சாவியைத் தொடப் போனார். களஞ்சியக்காரர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே ஏதோ ஒரு லொறி கடந்து போன சத்தம் கேட்டது. இணைப்பாளர் எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தார். பெண் பிள்ளைகள் தங்கள் கதிரைகளை ஒதுக்கி வழிவிட்டார்கள். மேசையைச் சுற்றி வந்து, பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சாவியை எடுத்து, தவராசாவின் கையில் கொடுத்தார்.

தவராசா அதை வாங்கிச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு எத்தினை மணிக்கு வண்டி வேணும் சேர்?” என்று கேட்டார்.